சிப் உள்ள அட்டையிலும் மோசடி நடந்தது எப்படி?

கேள்வி:
வணக்கம். என் பற்று அட்டையில் சிப் இருக்கிறது. பின் (PIN) எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை. சென்ற வாரம் ஒரு கடையில், கருவி சிப்பைப் படிக்கவில்லை என்று கூறி, அட்டையைத் தேய்த்துப் பணம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து, நான் பார்த்தே இராத ஓர் இணையக் கடையில் என் அட்டையைக் கொண்டு இருமுறை பொருள் வாங்கியிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. அட்டையை முடக்கி, வங்கியில் புகாரும் கொடுத்துவிட்டேன். சிப் இருந்தும் இது எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தேய்த்ததுதான் காரணம். தேய்க்கும்போது கருவி படிப்பது அட்டையின் பின்புறத்துக் காந்தப் பட்டையை. அதில் இருப்பவை மாறாத விவரங்கள். ஒருமுறை படித்தவர் அவற்றை வேறோர் அட்டையில் அப்படியே பதிந்துவிடலாம்.

மறுமொழி 2:
பட்டையைப் பற்றி மேலே சொன்னது சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சிப் என்பது விவரங்களை வைத்திருக்கும் வெறும் பெட்டி அன்று. அது ஒரு சிறு கணினி. வங்கி அதனுள் வைத்த ரகசியச் சாவி வெளியே வருவதே இல்லை. பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும், தொகை, நாணயம், தேதி, கடைக்கருவி அந்த நேரத்தில் உருவாக்கி அனுப்பும் கணிக்க இயலாத எண், இதுவரை நடந்த பரிவர்த்தனைகளைச் சிப் தானே எண்ணி வைத்திருக்கும் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு, அச்சாவியின் துணையால் அது ஒரு மறையீட்டு முத்திரையை, அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கு மட்டுமே உரிய ஒரு குறியீட்டை, கணித்துத் தருகிறது. வங்கி தன்னிடமுள்ள சாவியால் தானும் கணித்து ஒப்பிடுகிறது. ஆகவே இன்றைய முத்திரையை ஒருவர் நகலெடுத்தாலும் அது நாளைக்குச் செல்லாது.

ஆனால் உண்மையான அட்டை கருவியில் இருக்கிறது என்பதை மட்டுமே இந்த முத்திரை மெய்ப்பிக்கிறது. இணையக் கடையில் சிப்புக்கு வேலையே இல்லை. அங்கே கேட்பது அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் ஆகியவையே. ஒருமுறைக் கடவுச்சொல் கேட்காத தளங்களும் உண்டு. அந்த மூன்று இலக்கம் காந்தப் பட்டையில் பதியப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே தேய்த்ததால் மட்டும் அது கிடைத்திருக்காது. அட்டை உங்கள் கண்ணை விட்டு அகன்றதா? அண்மையில் வேறு தளம் எதிலும் விவரங்களைக் கொடுத்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
ஆம், கல்லாவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய வாரம் அறிமுகமில்லாத ஒரு தளத்திலும் விவரங்களைக் கொடுத்திருந்தேன்.

மறுமொழி 2:
இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல இயலாது. புகாரில் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள்.

புதிய அட்டை வந்ததும், வங்கிச் செயலியில் அவ்வசதி இருந்தால், இணையப் பரிவர்த்தனையை அணைத்து வைத்துத் தேவையானபோது மட்டும் திறவுங்கள். சிப் படிக்காவிட்டால் அதன் உலோகப் பகுதியை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் செருகச் சொல்லுங்கள், அல்லது வேறு கருவியைக் கேளுங்கள். சிப் உண்டு என்ற குறிப்பு காந்தப் பட்டையிலேயே இருப்பதால், ஒழுங்காக அமைக்கப்பட்ட கருவி முதலில் செருகத்தான் சொல்லும். எடுத்த எடுப்பில் தேய்க்க முனைபவரிடம் அட்டையைக் கொடுக்காதீர்கள்.

பின் எண்ணை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. திருடிய அட்டைக்கும் கருவிக்கும் நடுவே ஒரு சாதனத்தை வைத்து, பின் எண் சரி என்று கருவியை நம்பவைக்க முடிந்ததைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் செய்து காட்டினார்கள். அட்டை தொலைந்தால் அந்த நிமிடமே முடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு விவரங்களையும் தேதியோடு புகாரில் சேர்த்துவிட்டேன்.