மலை ஏறினபோது ஒன்றுமில்லை, இறங்கின பிறகு தொடை போச்சு. ஏன்?

கன்னங்குறிச்சி_பையன்:
ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரை நடந்தோம். ஏறுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. கட்டிக்கொண்டு போன தட்டுவடை செட்டில் பாதி குரங்குக்கு, மிச்சம் எங்களுக்கு. இறங்கும்போது கதை பேசிக்கொண்டே வந்தோம், மூச்சே வாங்கவில்லை. திங்கட்கிழமை லேசான பிடிப்பு. இன்று செவ்வாய், ஆபீஸ் மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன். ஏறுவதில் அவ்வளவு தொந்தரவு இல்லை.

ஜிம்மில் கேட்டால் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, எலுமிச்சைச் சாறு குடி என்கிறார்கள். வாரம் தவறாமல் ஸ்குவாட் போடுகிறவன் நான், எனக்கே இப்படியா? மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருபது வளைவும் நடந்து ஏறி, நடந்தே இறங்க ஆசை.

பீ.டி._வாத்தியார்_அஸ்தம்பட்டி:
தம்பி, எலுமிச்சைச் சாறு தாராளமாகக் குடி, தாகம் தீரும். வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ சொல்கிற லாக்டிக் அமிலம், ஓய்ந்து உட்கார்ந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது. அதோடு, அது அதிகம் ஊறுவது மூச்சு வாங்க ஏறினபோது. அதுதான் காரணமென்றால் ஏறினதற்கல்லவா வலிக்க வேண்டும்?

படி இறங்கும்போது முன்தொடையில் கை வைத்துப் பார். முட்டி மடங்க மடங்க அந்தத் தசை கெட்டியாக இறுகியிருக்கும், அதே சமயம் நீண்டுகொண்டும் போகும். ஏறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டபடியே, உடம்பு தொப்பென்று விழாமல் தாங்குகிறது. ஏற்காட்டிலிருந்து வரும் பஸ்ஸை டிரைவர் செகண்ட் கியரில் போட்டுப் பிடித்துப் பிடித்து விடுவாரே, அந்த வேலை.

தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். நரம்பு உத்தரவு போட்டதும் நாருக்குள் கால்சியம் கொட்டும். உடனே மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றையொன்று உரசி நகர்கின்றன, அவ்வளவுதான். 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் இல்லை! பிடித்த பிடியை விடுவதற்கு ஏடிபி (ATP) வேண்டும், அதுதான் தசைக்கு எரிபொருள். உயிர் போன உடம்பு விறைப்பதும் ஏடிபி தீர்ந்து பிடி விடாமல் போவதால்தான்.

இறங்கும்போது என்ன ஆகிறதென்றால், மயோசின் தலை ஆக்டினைப் பிடித்திருக்கும்போதே உன் எடை அதை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடுங்குகிறது. இதில் ஏடிபி செலவு குறைவு, அதனால்தான் மூச்சு வாங்கவில்லை. ஆனால் அதே எடையைக் குறைவான நார்களே தாங்குவதால், வேலையில் இருக்கிற ஒவ்வொரு நாரும் அதிகம் வாங்கிக்கொள்கிறது. சில இடங்களில் இழை அடுக்கு மட்டுக்கு மீறி இழுபட்டுக் குலைந்துவிடும். அதைப் பழுது பார்க்கிற வேலையோடுதான் வீக்கமும் வலியும் வரும், அதனால் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம்.

ஸ்குவாட் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்மில் பசங்களைப் பார்க்கிறேனே, எழுவதில் காட்டும் அக்கறை இறங்குவதில் கிடையாது, சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். போதாததற்கு, ஜிம்மில் நீ இறங்குவது சில டஜன் தடவை. மலையில் ஆயிரக்கணக்கான எட்டு.

நாகலூர்_காபித்தோட்டம்:
சார் சொல்வது சரி. கார்த்திகை, மார்கழியில் எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்கள் சாக்கோடு சரிவில் தினமும் இறங்குகிறார்கள். யாரும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மாதக்கணக்கில் கீழே திருப்பூர் வேலைக்குப் போய்விட்டு வந்தால் முதல் வாரம் அவர்களுக்கும் படாதபாடுதான். அப்புறம் சரியாகிவிடும். எட்டைச் சின்னதாக வைப்பார்கள், முட்டியை விறைத்துக்கொண்டு இறங்க மாட்டார்கள். டவுன் ஆட்கள் தாவித் தாவி இறங்குவதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும், கோவிச்சுக்காதீங்க.

பீ.டி._வாத்தியார்_அஸ்தம்பட்டி:
அம்மா சொன்னதுதான் விஷயமே. இப்படி ஒரு தடவை அடிபட்டாலே பல வாரங்களுக்கு அந்தத் தசைக்குப் பாதுகாப்பு உண்டு. அடுத்த தடவை அதே இறக்கத்துக்கு வலி வெகுவாகக் குறையும். பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது, தசை பருக்கிறது பிறகுதான். மூச்சு வாங்குவது குறைவதற்குக் காரணம் வேறு. 1967-ல் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டுப் பார்த்ததில் அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா (ஆக்சிஜனை வைத்து ஏடிபி தயாரிக்கிற நுண்ணுறுப்பு) நொதிகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அது உனக்கு ஏறுவதற்கு உதவும். இறங்குவதற்கு, இறங்கித்தான் பழக வேண்டும்.

நைட்_டியூட்டி_நர்ஸ்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வலியோடு சிறுநீர் கறுத்தோ பழுப்பாகவோ போனால் வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி மாத்திரையையும் இஷ்டத்துக்குப் போட வேண்டாம்.

கன்னங்குறிச்சி_பையன்:
அதெல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கிறது, நன்றி அக்கா. சார், அப்படியென்றால் இந்த ஞாயிறும் போகலாமா?

பீ.டி._வாத்தியார்_அஸ்தம்பட்டி:
படி இறங்கும்போது வலி இருக்கிற வரைக்கும் மூக்கனேரிக் கரையில் சமதரையில் நட, போதும். அப்புறம் ஐந்தாவது வளைவு வரை போய் இறங்கு. இரண்டு வாரம் கழித்து மறுபடி பத்து. இருபதைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்துவிடு. ஜிம்மில் பாரத்தைக் குறைத்து, மூன்று நான்கு விநாடி எண்ணி உட்கார். மே மாத வெயில் வேறு, விடியுமுன் கிளம்பிவிடு.