ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் மைனஸ் 5 வோல்ட் வரவில்லை, யாராவது உதவுங்கள்

அண்ணன்மாரே, மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆக்கர் கடையில், உடைந்த மிக்சிகளுக்கு அடியில் ஒரு சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (டிவியில் மாட்டி ஓட்டும் பழைய பிரிட்டிஷ் வீட்டுக் கம்ப்யூட்டர்) கிடந்தது. 1982இல் வந்த 48கே மாடல், ரப்பர் பட்டன். கடைக்காரர் ஏதோ பெரிய கால்குலேட்டர் என்று நினைத்து நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்.

திறந்தால் உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு. நம்ம ஊர் உப்புக்காற்று சும்மா விடுமா, சாக்கெட் கால்களில் பச்சை பூத்திருந்தது. ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் போட்டுத் தேய்த்துவிட்டேன். கீபோர்டு பட்டை கழற்றும்போதே முறிந்தது, அதை அப்புறம் பார்க்கலாம்.

9 வோல்ட் அடாப்டர் கொடுத்தேன் (இதற்கு நடுமுனை மைனஸ், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்). டிவியில் வெறும் செங்குத்துக் கோடுகள். வோல்ட்டேஜைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டர் சரியாக 5 வோல்ட் தருகிறது. ஆனால் 4116 ராம் (மெமரி) சிப்பில் அளந்தால் 12 வர வேண்டிய 8ஆம் காலில் எட்டு சொச்சம்தான். 1ஆம் காலில் மைனஸ் 5 சுத்தமாக இல்லை. அது இல்லாமல் ஓடினால் சிப் செத்துப்போகும் என்பதால் உடனே ஆஃப் செய்துவிட்டேன். இந்த 12, மைனஸ் 5 இரண்டையும் உண்டாக்கும் சர்க்யூட்டில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அதற்குப் பதிலாகப் போட இசட்டிஎக்ஸ்650 என்ற டிரான்சிஸ்டர் வேண்டும். நாகர்கோவிலில் கேட்ட இடத்தில் "பிசி547 போதாதா தம்பி" என்கிறார்கள். அது சின்ன டிரான்சிஸ்டர், இந்தக் கரண்ட்டைத் தாங்காது. வேறு எதைப் போடலாம்? கூடவே இருக்கும் காயிலையும் மாற்ற வேண்டுமா? எட்டு 4116 சிப்பையும் கழற்றாமல் சோதிக்க வழி உண்டா?

தக்கலை, குளச்சல் பக்கம் யாரிடமாவது ஆசிலோஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) இருந்தால் சொல்லுங்கள், போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். வீட்டில் மட்டி வாழைக்குலை பழுத்து நிற்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.