சனி பூங்கா, ஞாயிறு ஊட்டி: நேரம் இடிக்கிறது, உடனே உதவி வேண்டும்

பவானிக்கரை | புதன், இரவு 9.40

வணக்கம். வருகிற சனிக்கிழமை குழந்தைகளைத் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். மறுநாள் ஊட்டி. கொச்சிக்கே போய்விடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போதும் என்று இன்னொரு பேச்சு. எப்படிக் கணக்குப் போட்டாலும் நேரம் இடிக்கிறது. ஈ-பாஸ் என்று இணையத்தில் அனுமதிச் சீட்டு வேறு எடுக்க வேண்டுமாம். பெரியவனை எல்லாவற்றிலும் ஏற விடுவார்களா என்றும் தெரிய வேண்டும். நாளைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காரமடைத் தம்பி | புதன், இரவு 9.52

எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள்? மொத்தம் எத்தனை பேர்? சொந்த வண்டியா, பஸ்ஸா? பெரியவன் என்றால் எத்தனை வயது? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பாலக்காட்டுக் கணவாய் | புதன், இரவு 9.58

யோசிக்கவே வேண்டாம், கொச்சிக்குப் போங்கள். பள்ளிக்கரையில் இருக்கிறது வொண்டர்லா. 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய பூங்கா. குதிரான் மலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த காலம் போய்விட்டது. 2021-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாலக்காடு தாண்டியதே தெரியாது. பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

பழைய பயணி | புதன், இரவு 10.15

இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. ஊர், ஆள் எண்ணிக்கை, பிள்ளைகளின் உயரம், வண்டி, வீடு திரும்ப வேண்டிய நேரம் இவற்றைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை. உங்கள் பதிவில் ஒன்றுகூட இல்லை.

வயதைக் கேட்கிறார் தம்பி. வயதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூங்காவில் உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். வேகமான சவாரிகள் பலவற்றுக்கும் அந்த 140தான் எல்லை. தோளுக்கு மேல் இறங்கும் இரும்புப் பட்டை பெரிய உடம்புக்குச் செய்தது. சின்ன உடம்பு அதற்குள் நழுவும். இந்த அடிப்படை தெரியாமல் கிளம்பினால் வாசலில் நின்று சண்டைதான் போட வேண்டியிருக்கும்.

நொய்யல் அக்கா | புதன், இரவு 10.31

பயணி அண்ணா, விவரம் சரி. ஆனால் கேட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாமே. அவசரத்தில் எழுதியிருக்கிறார்.

நான் என் பங்குக்குத் துணியைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பூரில் துணியைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பருத்தி பனியனோடு தண்ணீருக்குள் இறங்க விடமாட்டார்கள், நைலான் அல்லது லைக்ரா கலந்த உடைதான் வேண்டும். அங்கேயே விற்பதற்காகச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், சறுக்கில் உடம்போடு ஒட்டி வேகத்தைத் தடுக்கும், உதிர்கிற பஞ்சு வடிகட்டியில் போய் அடையும். காதர்பேட்டையில் குழந்தைகளுக்கான நீச்சல் உடை மலிவாகக் கிடைக்கும், முன்னதாகவே வாங்கிவிடுங்கள். வெள்ளிக் கொலுசையும் வீட்டில் கழற்றி வையுங்கள். குளோரின் பட்டால் கறுத்துவிடும்.

பவானிக்கரை | வியாழன், காலை 7.05

மன்னிக்கவும், இரவே தூங்கிவிட்டேன். கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நாங்கள் நான்கு பேர், கொழுந்தனார் வீட்டில் நான்கு பேர், என் அம்மா, ஆக ஒன்பது பேர். இரண்டு கார். அம்மாவுக்கு முழங்கால் வலி, தண்ணீரில் இறங்க மாட்டார்கள். சனி இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டு ஞாயிறு காலை மலை ரயில் ஏறலாம் என்று நினைத்தோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பால் கறக்க. இடையில் இரண்டு வேளை பக்கத்துத் தோட்டத்துப் பையன் கறந்து சொசைட்டியில் ஊற்றுவான்.

காரமடைத் தம்பி | வியாழன், காலை 7.20

கோபி, ஒன்பது பேர், மாலை ஐந்து மணி! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கொச்சிப் பேச்சே எழுந்திருக்காதே அக்கா. கோவையிலிருந்தே அது 180 கி.மீ.க்கு மேல்.

மலை ரயில் இந்தக் கணக்கில் வராது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும், 46 கி.மீ. ஏறி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது; அந்த வேகம்தான் அதற்கு. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, மே மாதத்துக்கு இப்போது இடம் கிடைக்காது. ஊட்டி போயே ஆக வேண்டுமென்றால் காரில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு 19 கி.மீ. மட்டும் ரயிலில் போங்கள். அம்மாவுக்கும் அது சுகம்.

மஞ்சள்மண்டி | வியாழன், காலை 8.02

அம்மிணி, பூங்காவை விடு. பால் கறக்கிற விஷயத்தைச் சொல்கிறேன், கேள். எத்தனை மாடு? கன்று எத்தனை மாதம்? அந்தப் பையன் இதற்கு முன் உன் மாட்டின் மடியைத் தொட்டிருக்கிறானா? கை மாறினால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். இரண்டு வேளை பால் தேங்கினால் மடி கல்லாகும், அப்புறம் மடிநோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். போன தை மாதம் கல்யாணத்துக்குப் போய் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. ஒரு காம்பு இன்றுவரை தேறவில்லை.

அன்னூர்க்காரன் | வியாழன், காலை 8.19

கறவை இயந்திரம் வாங்கிவிட்டால் கை மாறுகிற பிரச்சினையே இல்லை. யார் மாட்டினாலும் கறக்கும்.

மஞ்சள்மண்டி | வியாழன், காலை 8.26

கறக்கும் தம்பி, மாடு பாலை இறக்கினால் கறக்கும். பால் இறங்குவது பழகிய குரலையும் பழகிய கையையும் பொறுத்தது. மடியை வெந்நீரில் துடைத்து, கன்றை முட்டவிட்டு, கழுத்தைத் தடவிக்கொடுத்து நிற்க ஆள் வேண்டும். மிரண்ட மாட்டில் இயந்திரத்தை மாட்டி உறிஞ்சவிட்டால் காம்புதான் புண்ணாகும்.

அன்னூர்க்காரன் | வியாழன், காலை 8.40

எங்கள் தொழுவத்தில் ஆறு மாடு, நான்கு வருடமாக இயந்திரம்தான். என் மனைவி கறந்தாலும் நான் கறந்தாலும் அளவு மாறுவதில்லை. பழக்காமல் மாட்டியிருந்தால் அது இயந்திரத்தின் தவறு ஆகாது ஐயா.

பழைய பயணி | வியாழன், காலை 8.55

இது பயணப் பகுதி. மாட்டுப் பேச்சுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

மஞ்சள்மண்டி | வியாழன், காலை 9.03

மாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு மாட்டை விட்டுப் பயணம் ஏது ஐயா? அந்த அம்மிணி எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அந்தத் தொழுவம்தான் சொல்லும்.

பவானிக்கரை | வியாழன், நண்பகல் 12.50

இரண்டு பசு. ஒன்று ஈன்று ஒன்றரை மாதம்தான் ஆகிறது. பையன் இதுவரை கறந்ததில்லை. பெரியவர் சொல்வது உறுத்துகிறது. இரவுத் தங்கலை விட்டுவிடுகிறோம், ஊட்டியும் வேண்டாம். காலையில் கறந்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பி, மாலை ஐந்தரைக்குள் திரும்பினால் போதும். அப்படியென்றால் ஈ-பாஸ் வேண்டுமா?

பெரியவன் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் கொழுந்தனார் மகனுக்கும் பதினொரு வயது. இவன் 136 செ.மீ., அவன் 143. போன வருடம் ஒரு பூங்காவில் இருவரும் முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றார்கள். சவாரி வாசலில் கோல் வைத்து அளந்து, அவனை உள்ளே விட்டு இவனைத் திருப்பிவிட்டார்கள். இவன் அழவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டே இருந்தான். மணலே இல்லாத காலை எத்தனை தடவை கழுவினான் என்று எனக்குத்தான் தெரியும். மறுபடியும் அப்படி நடக்கக் கூடாது. அதற்காகத்தான் கேட்டேன்.

காரமடைத் தம்பி | வியாழன், மதியம் 1.10

ஈ-பாஸ் வேண்டாம் அக்கா. அது நீலகிரிக்குள் நுழைவதற்குத்தான். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இல் தொடங்கியது. பூங்கா கோவை மாவட்ட எல்லைக்குள், கல்லாறு சோதனைச் சாவடிக்கு முன்பே இருக்கிறது. பின்னொரு நாள் ஊட்டி போனால் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. கோடையில் முன்கூட்டியே எடுங்கள். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே வைத்தார்கள்.

இன்னொன்று. முடிந்தால் சனியை விட்டு வார நாளில் வாருங்கள். கோடைச் சனிக்கிழமையில் ஊட்டி போகிற வண்டிகளும் அதே சாலையில்தான் நிற்கும். ஐந்தரைக்கு வீடு சேரவே முடியாது.

ஓடைப்பட்டி | வியாழன், மதியம் 1.32

காலையில் எழுந்தவுடன் அளந்து பாருங்கள். படுத்து எழும்போது முதுகெலும்பின் இடைவட்டுகள் விரிந்திருக்கும், மாலையைவிட ஏறத்தாழ ஒரு செ.மீ. கூடுதலாக வரும். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பும் போட்டால் சமாளித்துவிடலாம்.

பழைய பயணி | வியாழன், மதியம் 1.45

இப்படி யோசனை சொல்லாதீர்கள். 136 எந்தக் காலையிலும் 140 ஆகாது. செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் அளப்பார்கள். ஏமாற்றி ஏற்றிவிட்டாலும் பட்டை உடம்பைப் பிடிக்காது. உயிரோடு விளையாடுகிற பேச்சு இது.

நொய்யல் அக்கா | வியாழன், மதியம் 2.20

பயணி அண்ணா சொல்வதுதான் சரி. குழாயடியில் நின்ற பிள்ளை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

இன்றே பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தெந்தச் சவாரிக்கு எத்தனை செ.மீ. என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் இரண்டு பையன்களையும் வெறுங்காலோடு நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். எதில் ஏற முடியும், எதில் முடியாது என்று அவனே வீட்டில் பார்த்துவிடட்டும். வலிக்கும். ஆனால் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிவதைவிட இது மேல். பூங்காவில் நுழைந்ததும் இருவரும் சேர்ந்து இறங்கக்கூடியவற்றுக்கே முதலில் போங்கள். அலைக் குளத்தில் யாரையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்பது பேரும் ஒன்றாக நகர வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். அம்மாவுக்கு நிழலில் ஓர் இடம் பிடித்து, ஒரு மணிக்கு எல்லோரும் அங்கே வந்து சேர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவானிக்கரை | வியாழன், மாலை 6.40

அக்கா, அப்படியே செய்கிறோம். செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டோம். அரிசிம்பருப்பு சாதம் கட்டிக்கொண்டு போகலாமா? வனபத்திரகாளியம்மன் கோயிலுக்கும் அம்மா வரவேண்டும் என்கிறார்கள்.

காரமடைத் தம்பி | வியாழன், மாலை 7.05

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். தேக்கம்பட்டியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே மரத்தடியில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். பவானி ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். பார்க்கும்போது முழங்கால் அளவுதான் இருக்கும்; மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் சற்று நேரத்தில் கரை மாறிவிடும். வருடா வருடம் இந்த ஆற்றில் உயிர் போகிறது. எங்கள் ஊர்க்காரர்களே இறங்கப் பயப்படுகிற இடம் அது.

மஞ்சள்மண்டி | வியாழன், இரவு 8.15

போகும்போது சத்தி, பவானிசாகர், சிறுமுகை வழி. காலையில் காடு குளிர்ச்சியாக இருக்கும், வண்டியும் குறைவு.

அன்னூர்க்காரன் | வியாழன், இரவு 8.22

இரு வேளையும் நம்பியூர், புளியம்பட்டி, அன்னூர் வழிதான் நல்லது. சத்தி ஊருக்குள் சிக்கினால் அரை மணி நேரம் போய்விடும். சிறுமுகைப் பக்கம் யானை குறுக்கே வந்து நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டியதுதான். ஐந்தரை மணிக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு அது ஆகாது.

மஞ்சள்மண்டி | வியாழன், இரவு 8.30

நாற்பது வருடமாக அந்த வழியில் மஞ்சள் மூட்டை ஏற்றிப் போயிருக்கிறேன். பகலில் யானைக்காக நின்றது கிடையாது. இருட்டுகிற நேரத்தைச் சொல், ஒப்புக்கொள்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய் | வியாழன், இரவு 9.10

அடுத்த வருடமாவது கொச்சிக்கு வாருங்கள்.

பவானிக்கரை | செவ்வாய், இரவு 9.55

போய் வந்தோம், எல்லோருக்கும் நன்றி. அம்மா நிழலில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். ஒரு சவாரியில் மட்டும் இவனை நிறுத்தினார்கள், சுவரில் கோடு போட்டபோதே அவனுக்குத் தெரிந்ததுதான். கொழுந்தனார் மகனும் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டான். இருவரும் அலைக் குளத்துக்கு ஓடினார்கள், மூன்று மணிக்குத்தான் கரையேறினார்கள். ஐந்து நாற்பதுக்கு வீடு வந்து கறந்துவிட்டோம். இளம் கன்றுக்காரி கொஞ்சம் கத்திக்கொண்டிருந்தாள், பால் குறையவில்லை.

அன்னூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.04

நல்லது அக்கா. திரும்பி வந்தது எந்த வழி?

மஞ்சள்மண்டி | புதன், காலை 5.50

ஆமாம் அம்மிணி, எந்த வழியில் வந்தீர்கள்?