லைபீரியாவில் வேலை: போருக்குப் பின் அந்த நாடு இன்று எப்படி இருக்கிறது?

கதிரவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சூரிய மின் தகடுகள் பொருத்தும் ஒரு நிறுவனம், மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியத் தலைநகர் மன்றோவியாவில் தளப் பொறியாளராக என்னை அழைக்கிறது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. சம்பளம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் பெயரைக் கேட்டதுமே அம்மா சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். இணையத்தில் தேடினால் துப்பாக்கி ஏந்திய சிறுவர்கள், எபோலா காலத்துக் கவச உடைகள் என்று எல்லாம் பழைய படங்களாகவே வருகின்றன. போர் 2003-ல் முடிந்தது என்று படித்தேன். அமைதி உண்மையிலேயே நிலைத்துவிட்டதா? அங்கே சாதாரண மக்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது? மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துப் போகலாமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சண்முகநாதன்:

தம்பி கதிரவன், மன்றோவியாவில் மின் விநியோகக் கம்பி இழுக்கும் ஒப்பந்தக் குழு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த நாட்டை நான் கரண்ட் வழியாகத்தான் அறிவேன். நீங்களும் அதே தொழில் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

1989 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் ஆட்கள் ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி நிம்பா பகுதிக்குள் நுழைந்தார்கள். உள்நாட்டுப் போர் அப்படித்தான் தொடங்கியது. இடையில் 1997-ல் ஒரு தேர்தல் நடந்து டெய்லரே அதிபரானார். 1999-ல் மறுபடி சண்டை. 2003 ஆகஸ்டில் கானாவின் அக்ராவில் சமாதான ஒப்பந்தம். இரண்டு போர்களிலும் சேர்த்து சுமார் 2.5 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. போருக்கு முன் அந்த நாட்டின் மக்கள்தொகையே 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். சாவு எட்டிப்பார்க்காத வீடு ஒன்றையும் நான் அங்கே சந்தித்ததில்லை.

தலைநகரை ஒட்டி செயின்ட் பால் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 1960-களில் கட்டிய மவுண்ட் காபி நீர்மின் நிலையம்தான் மன்றோவியாவுக்கு உயிர்நாடி. 1990-ல் சண்டை அங்கே வந்தபோது நிலையத்தை இயக்கியவர்கள் உயிர் பிழைக்க ஓடினார்கள். மதகைத் திறக்க ஆளில்லை. மழைக்கால வெள்ளம் அணையின் மேலேறி ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் விட்டுவைத்ததை மனிதர்கள் எடுத்தார்கள்: இயந்திரங்கள், செம்புச் சுருள்கள், கோபுரக் கம்பிகள் என்று கழற்றக்கூடிய அத்தனையும் பழைய உலோகமாக விலைபோயின. நகரத்துக்குள்ளும் அதே கதைதான். போர் ஓய்ந்தபோது தலைநகரில் பொது மின்சாரம் என்று ஒரு யூனிட்கூடக் கிடையாது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் வெளிச்சம்.

2006 ஜூலை 26, அவர்களின் சுதந்திர தினம். ஆப்பிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அன்று மன்றோவியாவின் சில தெருக்களில் விளக்கேற்றி வைத்தார். அதுவும் டீசல் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இருந்தாலும் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது என்னுடன் வேலை செய்தவர்களின் முகம் மலரும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் தெருவிளக்கு எரிவதை முதல்முறையாகப் பார்த்தார்களாம். மவுண்ட் காபியின் முதல் இயந்திரம் மறுபடி சுழன்றது 2016 டிசம்பரில். நார்வே, ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய முதலீட்டு வங்கி எல்லாம் பணம் போட்டு, 64 மெகாவாட்டாக இருந்ததை 88 ஆக்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் போனது திரும்பி வர 26 ஆண்டுகள் ஆயின. அந்த நாடு ஏன் இன்னும் ஏழையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒரு கணக்குத்தான்.

இனி உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மவுண்ட் காபியில் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஆற்றில் ஓடும் தண்ணீரை நம்பிய நிலையம். கோடையில், அதாவது ஜனவரி தொடங்கி மழை வரும்வரை, உற்பத்தி பாதாளத்துக்கு இறங்கிவிடும். ஐவரி கோஸ்டிலிருந்து லைபீரியா, சியரா லியோன் வழியாக கினி வரை போகும் 225 கிலோவோல்ட் பாதை வந்த பிறகு அண்டை நாட்டு மின்சாரம் ஓரளவு கைகொடுக்கிறது. சூரிய மின்சாரத்துக்கு அங்கே இடம் இருப்பது இதனால்தான். கோடையில்தான் வெயிலும் அடிக்கிறது.

மின் திருட்டு பற்றியும் கேள்விப்படுவீர்கள். விநியோகிக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காசாகாமல் போன ஆண்டுகள் உண்டு. மன்றோவியாவின் நியூ க்ரூ டவுன் குடியிருப்புச் சந்துகளில் ஒலிபெருக்கிக்குப் போடும் மெல்லிய ஒயரை நான்கு வீட்டுக்குச் சேர்த்து இழுத்திருப்பார்கள். மழை பெய்தால் தகரக் கூரையே ஷாக் அடிக்கும். ஆனால் அந்த மக்களை ஒரேயடியாகத் திருடர்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு முழுத் தலைமுறை, விண்ணப்பம் கொடுக்க அலுவலகமோ பில் கட்டக் கவுன்டரோ இல்லாத ஊரில் வளர்ந்திருக்கிறது. டீசலில் ஓட்டிய காலத்தில் ஒரு யூனிட் அமெரிக்க அரை டாலர். முறையாக இணைப்புக் கேட்டால் மாதக்கணக்கில் மீட்டர் வராது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலையே இழுத்துக் கொடுப்பார்.

டுவாலா சந்தை அருகே நாங்கள் இணைப்புக் கொடுத்த இடத்தில் மீன் விற்கும் ஒரு பெண்மணி இருந்தார். விற்காத மீனை அன்றன்றே புகைபோட்டாக வேண்டும். இல்லையென்றால் ஐஸ் பாளம் வாங்க வேண்டும், அதற்கே லாபத்தில் பாதி போய்விடும். கரண்ட் வந்த வாரம் கடன் வாங்கி ஒரு பழைய பெட்டி பிரீசர் இறக்கினார். மூடியில் பூட்டுப் போட்டு, அதன்மேலேயே மெத்தை விரித்துக் காவலாகப் படுத்துக்கொள்வார். சில மாதங்களில் மீனோடு குளிர்ந்த தண்ணீர் பாக்கெட்டும் விற்றார், மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த நாட்டின் மீட்சியை நான் புள்ளிவிவரத்தில் தேடுவதில்லை, அந்தப் பிரீசர் ஓடுகிறதா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

கல்வியும் மருத்துவமும் இன்னும் நோஞ்சான்தான். 2013-ல் லைபீரியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிய ஏறக்குறைய 25,000 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர், அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் போரில் செத்தார்கள் அல்லது நாட்டை விட்டுப் போனார்கள். நாடு முழுவதற்கும் ஐம்பது சொச்சம் மருத்துவர்களே இருந்த நிலையில் 2014-ல் எபோலா வந்தது. 4,800 பேர் இறந்தார்கள். மீண்டும் எழுந்து நின்றவர்களை அது மறுபடி தள்ளிவிட்டது. 2025-ல் அமெரிக்கா உதவிப் பணத்தை வெட்டியதும் மருத்துவமனைகளுக்குத்தான் முதல் அடி.

அமைதி நிலைத்திருக்கிறதா என்றால், நிலைத்திருக்கிறது. ஒரு காலத்தில் 15,000 வீரர்களோடு இருந்த ஐ.நா. படை 2018 மார்ச்சில் முற்றிலும் வெளியேறிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் கால்பந்து வீரர் ஜார்ஜ் வியா அதிபரானார். ஒரு தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமிருந்து இன்னொருவருக்கு அமைதியாக ஆட்சி கைமாறியது 1944-க்குப் பிறகு அதுவே முதல்முறை. 2023 நவம்பரில் ஜோசப் போகாயிடம் வியா தோற்றபோது வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. முழு முடிவும் வருவதற்கு முன்பே தோல்வியை ஏற்று வாழ்த்துச் சொல்லிவிட்டார். எத்தனை நாடுகளில் இது நடக்கும், சொல்லுங்கள்.

ரெஜினா:

சண்முகநாதன் அண்ணன் சொன்னதில் பெண்கள் விடுபட்டுவிட்டார்கள். நான் ஐ.நா. பணிக்கு அங்கே போன இந்திய மகளிர் காவல் பிரிவில் இருந்தவள். பெண்கள் மட்டுமே கொண்ட முதல் ஐ.நா. காவல் பிரிவு அதுதான். 2007 தொடங்கி 2016 வரை குழுக்கள் மாறி மாறிப் போயின. அதிபர் அலுவலகக் காவல், இரவு ரோந்து, கூட்டம் கலைத்தல் என்று எல்லா வேலையும் எங்களுடையது. தெருவில் எங்களைப் பார்த்த பெண் பிள்ளைகள் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், அதன்பிறகு கூடவே நடந்துவருவார்கள். நாங்கள் திரும்பும் காலத்தில் லைபீரியக் காவல்துறையில் பெண்கள் சுமார் 17 சதவீதம் ஆகியிருந்தார்கள். அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அதிபரே சொன்னார்.

ஆனால் அந்தச் சமாதானத்தைக் கொண்டுவந்தவர்கள் வெளியார் அல்லர். 2003-ல் லேமா போவியின் தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில், மன்றோவியா மீன் சந்தைத் திடலில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரின் கார் அந்தச் சாலையில்தான் போகும். அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்தடித்தபோது மண்டபக் கதவை மறித்துக்கொண்டு, முடிவெடுக்காமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். போவிக்கும் சர்லீஃபுக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. திடலில் உட்கார்ந்த மற்றவர்கள் இன்றும் தலையில் கூடை சுமந்து மிளகாய் விற்கிறார்கள். அவர்களில் சிலரிடம் நான் காய்கறி வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பாலியல் வன்முறை போரோடு முடியவில்லை. 2020-ல் வியா அதைத் தேசிய அவசரநிலை என்றே அறிவித்தார். உங்கள் மனைவி வருவதென்றால் இரவில் தனியே வெளியே போவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கதிரவன்:

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. இவ்வளவு கொலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்? டெய்லர் சிறையில் இருப்பதாகப் படித்தேனே?

சண்முகநாதன்:

தம்பி, டெய்லருக்கு 2012-ல் கிடைத்த 50 ஆண்டுச் சிறை, பக்கத்து நாடான சியரா லியோனில் செய்வித்த குற்றங்களுக்கு. லைபீரியாவில் நடந்ததற்காக அந்த மண்ணில் இதுவரை ஒருவரும் போர்க்குற்றத் தண்டனை பெறவில்லை. 1990-ல் அதிபர் சாமுவேல் டோவைப் பிடித்துச் சித்திரவதை செய்தபோது இன்னொரு கிளர்ச்சித் தலைவர் பிரின்ஸ் ஜான்சன் எதிரில் உட்கார்ந்து பீர் குடித்தார். அது வீடியோவில் பதிவாகி ஊரெல்லாம் பார்த்தது. அவர் 2005-ல் நிம்பாவின் செனட்டராகி, 2024-ல் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார். போர்க்காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையம் 2009-லேயே வழக்குத் தொடரச் சொல்லிப் பட்டியல் கொடுத்தது. அது தூங்கியது. 2024 மே மாதம்தான் போகாய் போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்துக்கு உத்தரவு போட்டார்.

பட்டியலில் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் ஊருக்குள்தான் இருக்கிறார்கள். பலர் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பலர் போதைக்கு அடிமையாகி, சென்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தில் சமாதிகளுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். என் குழுவில் ஒருவர் கக்காட்டா சாலையில் ஒரு குறிப்பிட்ட சந்திப்பைத் தாண்டும்போது மட்டும் வண்டியில் தலைகுனிந்து உட்காருவார். போர்க்காலத்தில் அங்கே சோதனைச் சாவடி இருந்தது. அவருடைய அண்ணனை இறக்கி அழைத்துப் போனவன் இன்று அதே இடத்தில் செல்பேசி அட்டை விற்கிறான். அவனுக்கும் இவரைத் தெரியும். "வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சொல்வேன், அவனிடம் அட்டை மட்டும் வாங்க மாட்டேன்" என்றார். நீதிமன்றம் வந்தால் பழைய புண் கிளறும் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் அங்கே உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. புண் ஆறியிருந்தால் அந்த மனிதர் ஏன் தலைகுனிய வேண்டும்?

அமீன்:

நான் அரிசி இறக்குமதிக் கணக்குப் பார்த்தவன். சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களும் தினம் சோறு உண்பவர்கள். மரவள்ளி இலையையோ சர்க்கரைவள்ளி இலையையோ இடித்தோ நறுக்கியோ செம்பனை எண்ணெயில் வதக்கிச் சோற்றில் ஊற்றுவார்கள். காரம் உங்களுக்கே அதிகமாக இருக்கும். அரிசியின் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. 1979 ஏப்ரலில் மூட்டைக்கு 22 டாலர் என்பதை 26 ஆக்கப் போவதாக அரசு சொன்னபோது கலவரம் வெடித்துப் பலர் சுடப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த அரசு கவிழ்ந்தது. அதனால் எந்த ஆட்சியும் அரிசி விலையைப் பயத்தோடுதான் தொடும். நீங்கள் அரிசிக்கடையில் வரிசை நீள்வதைப் பார்த்தால் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.

பணம் இரண்டு வகை. அமெரிக்க டாலரும் லைபீரிய டாலரும் சேர்ந்தே புழங்கும். சில்லறை அமெரிக்க நோட்டுகள் கிழியாததாகக் கொண்டுபோங்கள்.

சண்முகநாதன்:

குடும்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் தனியே போங்கள். மே முதல் அக்டோபர் வரை அடிக்கும் மழை உலகத் தலைநகரங்களிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அந்த மழையில் வீடு எப்படி, சாலை எப்படி என்று பார்த்துவிட்டு அழைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கே ஸ்வெட்ரு, ஹார்ப்பர் பக்கம் தளவேலை கொடுத்தால் மழைக்காலத்தில் லாரி நாள்கணக்கில் சேற்றில் நிற்கும், அதற்கேற்பத் தேதி கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மலேரியா மிகச் சாதாரணம், குழந்தைக்குக் கொசுவலை கட்டாயம். பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் நல்லவற்றின் கட்டணம் அமெரிக்க டாலரில் கனமாக இருக்கும். அதை நிறுவனம் தருமா என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அவசர மருத்துவத்துக்கு அக்ராவுக்கோ ஐவரி கோஸ்டின் அபிஜானுக்கோ விமானத்தில் கொண்டுசெல்லும் காப்பீடு. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத எப்படி எழுதுவது என்று நான் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் பேச வேண்டுமென்றாலும் தயங்காமல் கேளுங்கள்.