புதுப்பிப்பு: ‘சிலியின் போர்’ மூன்றாம் பாகமும் பார்த்துவிட்டேன்

சிலியில் 1973-இல் அயெந்தேயின் இடதுசாரி அரசை வீழ்த்திய ராணுவக் கவிழ்ப்பைப் பற்றிய பத்ரீசியோ குஸ்மானின் ஆவணப்படத்தில் முதல் இரண்டு பாகங்களை மட்டும் பார்த்துவிட்டு, “தலைவர்களும் ஊர்வலங்களும்தான் நிறைய, சாதாரண ஜனங்கள் குறைவு” என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். மூன்றாவதைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

1979-இல் வந்த மூன்றாம் பாகம் முழுக்க அந்த ஜனங்கள்தான். 1972 அக்டோபரில் அந்த அரசை எதிர்த்து லாரி முதலாளிகள் வண்டிகளை நிறுத்திவிட, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறார்கள் தொழிலாளிகள். அப்புறம் அவர்களே உற்பத்தியை நடத்துகிறார்கள், மக்கள் கடைகள் வழியாகப் பொருட்களைப் பங்கிடுகிறார்கள். கூட்டங்களில் பேசுவதைப் பாதியில் வெட்டாமல் விட்டிருக்கிறார் குஸ்மான். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் பாகத்தையும் திரும்பப் போட்டேன். வசதியான ஒரு வீட்டில் தேர்தலைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது, கேமராவோ பேசுபவரை விட்டு மெல்ல அலங்காரப் பொருட்களின் மேல் நகர்கிறது. முதல் தடவை இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்!

அந்தக் கேமராவைப் பிடித்தவர் ஹோர்ஹே முல்லர். ஐந்தே பேர் கொண்ட குழு, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் அனுப்பிவைத்த ஃபிலிம். கவிழ்ப்புக்குப் பிறகு சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் உதவியால் சிலியிலிருந்து வெளியேறி, கியூபாவில் படத்தொகுப்பு நடந்தது. முல்லரை 1974 நவம்பரில் ராணுவ ஆட்சியினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.