பெல்ஜியத்தின் மொழி எல்லை: நாட்டைக் காப்பாற்றியதா, கூறு போட்டதா?

தெற்குவாசல் (கென்ட்):
சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு அதிகாரப் பகிர்வு பாடம் நினைவிருக்கும். இலங்கை ஒரே மொழியைத் திணித்துச் சீரழிந்தது, பெல்ஜியம் பகிர்ந்துகொண்டு தப்பித்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லித் தந்தார்கள். இங்கே பெல்ஜியத்துக்கு வேலைக்கு வந்து பழகிய பிறகு சொல்கிறேன், அது பாதிக் கதைதான். 1962–63-ல் சட்டம் போட்டு எல்லையை நிலையாக்கினார்கள்: வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, பிரசல்ஸில் இரண்டும், கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன். அதிலிருந்து இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. என் அலுவலகத்தில் பார்சிலோனா போய் வந்தவர்கள் நிறைய பேர், பிரெஞ்சுப் பக்கத்து லியேஜ் நகரத்தைச் சுற்றிப் பார்த்தவர் அரிது. டிவி தனி, பத்திரிகை தனி, பள்ளி அமைச்சர் தனி. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1968-ல் மொழிவாரியாக உடைந்தது, சோசலிஸ்டுகள் 1978-ல். இதை ஒரு நாடு என்று எப்படிச் சொல்வது?

மணல்மேடு (பிரசல்ஸ்):
கோடு ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் பேசுகிறீர்கள். 1830-ல் நாடு பிறந்தபோது மக்களில் பெரும்பாலோர் பேசியது ஃபிளெமிஷ், அதாவது இங்குள்ள டச்சு, ஆனால் ராணுவம், நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சு. டச்சு மொழியில் உள்ள சட்டத்துக்கும் சம மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளவே 1898 ஆயிற்று. நீங்கள் இருக்கும் கென்ட் நகரத்துப் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சுக்கு மாறியது 1930-ல். அரசியல் சாசனத்துக்கு டச்சில் அதிகாரபூர்வ வடிவம் வந்தது 1967-ல், அதாவது நாடு பிறந்து 137 வருடம் கழித்து.

கோடு நிலையாகும் வரை ஒவ்வொரு மொழிக் கணக்கெடுப்புக்கும் எல்லை நகர்ந்தது. 1947 கணக்கெடுப்பை வைத்து எவெர், கான்ஸ்ஹோரன், பெர்ஷெம் என்ற மூன்று ஊர்களையும் 1954-ல் இருமொழிப் பிரசல்ஸோடு சேர்த்தார்கள். பிரெஞ்சு பேசுகிறவர் டச்சு ஊரில் வீடு வாங்குவார், அந்த மொழியைக் கற்க மாட்டார், அடுத்த கணக்கெடுப்பில் ஊரே மாறிவிடும். அதனால்தான் அந்தக் கணக்கெடுப்பையே 1961-ல் ஒழித்தார்கள். மொழிவாரி மாநிலம் கேட்டு வாங்கிய நமக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

தெற்குவாசல்:
வரலாற்று அநியாயத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மொழிவாரி மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள். மதுரையில் இருப்பவரும் போபாலில் இருப்பவரும் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடலாம். இங்கே நாடு முழுக்க ஒரே கட்சியாக இயங்குகிற பெரிய கட்சி என்றால் இடதுசாரித் தொழிலாளர் கட்சி ஒன்றுதான். வடக்கே ஆண்ட்வெர்ப் அரசியல்வாதி தெற்கே ஷார்லெருவா மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியதே இல்லை, அதனால் அங்கே என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

டச்சுப் பகுதியில் இருந்த இருமொழி லூவன் பல்கலைக்கழக விஷயத்தையும் பாருங்கள். 1968-ல் வல்லோனியர்கள், அதாவது பிரெஞ்சு பேசும் தெற்கத்தியர்கள், வெளியேற வேண்டும் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காகத் தெற்கே வயல்வெளியில் லூவன்-லா-நவ் என்று ஒரு புது ஊரே கட்டினார்கள். நூலகத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படை என்றால் இங்கே, இரட்டைப்படை என்றால் அங்கே. ஒரே வரிசையில் வந்த தொகுதிகள் இரண்டு ஊருக்குப் போயின. படிக்கிறவனை மனதில் வைத்து எடுத்த முடிவா இது?

பனையோலை (ஆண்ட்வெர்ப்):
நூலகம் பிரிந்ததைப் பெரிய துயரமாகச் சொல்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தவன், 1981-ல் எங்கள் நூலகத்தை எரித்தார்கள். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம், 1958-ல் கலவரம், பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். புத்தகத்தை எண்ணிப் பங்கு போட்ட நாட்டில் நான் நிம்மதியாக இருக்கிறேன். 2010–11-ல் முழு அதிகாரமுள்ள அரசாங்கம் இல்லாமல் 541 நாள் போனது. இரண்டு பக்கமும் பேசிப் பேசித்தான் இழுத்தார்கள், ஆனால் பஸ் ஓடியது, சம்பளம் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமையைக்கூட அந்த நேரத்தில் நடத்தி முடித்தார்கள். பிராந்திய அரசுகளிடம் உண்மையான அதிகாரம் இருந்தபடியால்தான் அது முடிந்தது. முதுகைக் காட்டி வாழ்கிறார்கள் என்றால் வாழட்டும் அண்ணே, கத்தியைக் காட்டவில்லையே.

தெற்குவாசல்:
பனையோலை, உங்கள் வலிக்கு முன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் போர் வரவில்லை என்பதோடு நிறைவடைந்துவிட வேண்டுமா? 2024-ல் ரயில் பிரசல்ஸுக்கு வெளியே வில்வோர்டே என்ற ஃபிளெமிஷ் ஊர்ப் பக்கம் போகும்போது கண்டக்டர் டச்சிலும் பிரெஞ்சிலும் வணக்கம் சொன்னார், பிரசல்ஸ் எல்லைக்கு வெளியே பிரெஞ்சு கூடாது என்று ஒரு பயணி புகார் கொடுத்து விவகாரம் மொழிக் கண்காணிப்பு ஆணையம் வரை போனது. பிரசல்ஸை ஒட்டிய ஒரு ஃபிளெமிஷ் ஊரில் என் நண்பரின் மனைவி குழந்தையின் பதிவுக்காக கம்யூனுக்கு (ஊராட்சி அலுவலகம்) போனார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஆனால் டச்சில்தான் பதில், படிவமும் டச்சில்தான். கடைசியில் பின்னால் வரிசையில் நின்றவர் மொழிபெயர்த்தார். உதவ மனமிருந்தும் சட்டம் வாயைக் கட்டிவிட்டது.

மணல்மேடு:
கவுண்டர் விஷயம் எனக்கும் கோபம் தருகிறது, அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் கோட்டை அழித்தால் சரியாகிவிடாது, பள்ளியில்தான் சரியாகும். டச்சுப் பகுதியான ஃபிளாண்டர்ஸில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு கட்டாயம். தெற்கே வல்லோனியாவில் நெடுங்காலமாக டச்சு வெறும் விருப்பப் பாடம், பலர் ஆங்கிலத்தை எடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கற்றுக்கொண்டே இருந்தால் கசப்பு வராமல் என்ன செய்யும்?

அப்புறம் பணம். நிலக்கரியும் எஃகும் இருந்த காலத்தில் வல்லோனியாதான் பணக்காரப் பகுதி, ஃபிளெமிஷ் ஏழைகள் அங்கே சுரங்க வேலைக்குப் போனார்கள், இன்றும் அங்கே ஃபிளெமிஷ் குடும்பப்பெயர்கள் ஏராளம். சுரங்கங்கள் மூடின, ஆண்ட்வெர்ப் துறைமுகம் வளர்ந்தது, நிலைமை தலைகீழாயிற்று. இப்போது வடக்கே "எங்கள் வரிப்பணம் தெற்கே போகிறது" என்பதுதான் பெரிய புலம்பல். மொழிச் சண்டை என்று நாம் பார்ப்பதில் பாதி இதுதான்.

நாட்டைத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் ப்ரூஜ் கால்வாயில் படகு ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஷார்லெருவா பக்கத்தில் மார்சினெல் சுரங்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று அங்கே தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

தெற்குவாசல்:
போகிறேன், அலுவலகத்து ஆட்களையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பள்ளி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்சிகளும் தேர்தலும் இப்படிப் பிரிந்தே இருக்கும் வரை அந்தப் பாடத்தைக் கட்டாயமாக்க தெற்கே யார் முனைவார்கள், அதில் அவர்களுக்கு என்ன ஓட்டு கிடைக்கும்? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.