பொருள்: ‘கல்ச்சுரல் பர்னிங்’ தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பு மேசை:
குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான சூழலியல் நூல் ஒன்று கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் இயல், வட கலிஃபோர்னியாவில் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் கரூக், யூரோக் பழங்குடிகள் காட்டுக்குத் தீயிடும் முறை பற்றியது. காட்டைப் பேணுவதற்காக இடும் தீ இது. ஹேசல் புதரை எரித்துவிட்டால் அடியிலிருந்து கிளையில்லாத நேரான குச்சிகள் துளிர்க்கும். கூடை முடைய அந்தக் குச்சிதான் வேண்டும். எரிக்காமல் விட்ட புதரில் குச்சி கோணி, கிளைத்து, பூச்சி அரித்துக் கிடக்கும். கருவாலி (ஓக்) மரத்தடியில் எரித்தால், உதிர்ந்த கொட்டைக்குள் இருக்கும் கூன்வண்டுப் புழு அழியும்.

1850இல் கலிஃபோர்னியா போட்ட சட்டம் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2021இல்தான் இன்னொரு சட்டம் வந்து, இந்தத் தீயை முறையாக இடுபவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்தது. இயலில் ‘பிரிஸ்கிரைப்டு பர்ன்’, ‘கல்ச்சுரல் பர்ன்’ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. முதலாவதற்குத் ‘திட்டமிட்ட எரிப்பு’. இரண்டாவதற்கு இப்போதைக்குப் ‘பண்பாட்டு எரிப்பு’. சரிதானா?

யாழ்வாசகன்:
வேண்டாம். 1981க்குப் பிறகு ‘நூலக எரிப்பு’ என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள். நூலகத்தை எரித்தது நூலக எரிப்பு என்றால், பண்பாட்டை எரித்தது பண்பாட்டு எரிப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகையாகத்தான் எவரும் விரிப்பார்கள். எரித்துக் காப்பாற்றுகிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

குறிஞ்சித்திணை:
இதற்கு ஏன் இவ்வளவு பாடு? சொல் இரண்டாயிரம் ஆண்டாக நம் வீட்டில் இருக்கிறது: சுடுபுனம். “சுடுபுன மருங்கில் கலித்த ஏனல்” என்கிறார் கபிலர், குறுந்தொகை 291. வினைத்தொகை. சுட்ட, சுடுகின்ற, சுடும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை உண்டா?

தாளவாடி டீச்சர்:
ஐயா, சுடுபுனம் தினைக்கொல்லை. மரத்தை வெட்டி, சுட்டு, விதைப்பது. இங்கே மரம் அப்படியே நிற்கிறது, கீழே கிடப்பதுதான் எரிகிறது. தவிர, புனம் என்பது இடம். மேசைக்காரர் கேட்பது வேலையின் பெயர்.

என் வகுப்பில் சோளகர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிளிகிரிரங்கன் மலையில் அவர்கள் இனத்தார் இதைத் ‘தரகு பெங்கி’ என்கிறார்கள். சருகு நெருப்பு. கோடை முற்றுவதற்கு முன்பே வைத்துவிடுவார்கள், தீ தரையோடு போய்விடும், மரத்தில் ஏறாது. 1974இல் அது சரணாலயமானது, தீயும் நின்றது. அப்புறம்தான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெங்கியில் புல்லுருவிக் கன்று கருகிவிடுமாம். 2011இல் சமூக வன உரிமை வந்தும் தீ விஷயம் தீரவில்லை. என் யோசனை: ‘சருகெரிப்பு’.

வேர்ச்சொல் விரும்பி:
டீச்சர் அறியாமலே ஒரு புதையலைத் தோண்டியிருக்கிறார்! தரகு–சருகு. தகரமும் சகரமும் மாறுவது நமக்குப் புதிதல்ல. ஆகவே மூலத் திராவிடச் சொல்லையே எடுத்து ‘தரகுத்தீ’ என்று புழங்கலாம். மேலும் ‘தரை’, ‘தரிசு’, ‘தரகு’ மூன்றுக்கும் ஒரே வேர் என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

யாழ்வாசகன்:
செவி–கிவி, சேரி–கேரி என்று தமிழ்ச் சகரத்துக்குக் கன்னடத்தில் ககரம் வருவதற்கு வரிசையாக உதாரணம் உண்டு. சகரம்–தகரத்துக்கு அப்படி ஒரு வரிசை காட்டுங்கள், பிறகு மூலத் திராவிடம் பேசலாம். அதுவரை தமிழில் தரகு என்றால் கமிஷன். காட்டுக்குத் தீ வைக்க யாருக்குக் கமிஷன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

செந்தமிழ்ச் செல்வம்:
இதன் உயிர்நாடி வெப்பம் குறைவான தீ என்பதுதானே? தண் + நீர் தண்ணீர் ஆனதுபோல் தண் + எரி = தண்ணெரி. இரண்டே அசை, முழுத் தமிழ். எரியூட்டல், சுடல் எல்லாம் சுடுகாட்டு நெடி.

தாளவாடி டீச்சர்:
‘தண்ணி எரிகிறது’ என்றுதான் என் வகுப்பு படிக்கும். நாளைக்கே எழுதிப் போட்டுப் பார்க்கிறேன், பந்தயம்?

செந்தமிழ்ச் செல்வம்:
பிள்ளைகள் தவறாகப் படிப்பார்கள் என்று சொல்லையே கைவிட்டால், நாளைக்குப் ‘பர்னிங்’ என்றே எழுத வேண்டிவரும்.

பே ஏரியாவிலிருந்து:
சருகெரிப்பு என்பதைக் கேட்டால் எனக்குத் தெருவோரம் குப்பை கொளுத்துவதுதான் கண்ணில் வருகிறது. இங்கே கலிஃபோர்னியாவில் சண்டையே வேறு. தீயணைப்புத் துறையும்தான் சருகை எரிக்கிறது, அனுமதிச் சீட்டோடு. கரூக் மக்கள் சொல்வது, எந்தச் சரிவை, எந்தப் பருவத்தில், எதற்காக எரிப்பது என்ற அறிவு தங்களுடையது, தீயிடுவது அந்த நிலத்துக்குத் தாங்கள் செய்யவேண்டிய கடமை என்று. எரிவது என்ன என்று மட்டும் சொல்லும் சொல், யாருடைய தீ என்பதை விட்டுவிடும். ‘மரபு’ என்ற அடை கட்டாயம் வேண்டும்.

மொழிபெயர்ப்பு மேசை:
அப்படியானால் ‘மரபெரிப்பு’?

யாழ்வாசகன்:
மறுபடியும் அதே வேற்றுமைத் தொகை! மரபையல்லவா எரிக்கிறீர்கள். எரிப்பு இருக்கும்வரை இந்த வில்லங்கம் போகாது. ‘மரபுத்தீ’ என்று முடியுங்கள். வினை வேண்டிய இடத்தில் ‘மரபுத்தீ இடுதல்’. ‘தீ வைத்தல்’ மட்டும் வேண்டாம், போலீஸ் கேஸ் மாதிரி இருக்கும்.

குறிஞ்சித்திணை:
‘மரபுத்தீ’ என்றால் வேள்வித்தீ என்று நினைப்பார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

மொழிபெயர்ப்பு மேசை:
நினைக்கட்டும் ஐயா, அடுத்த வரியிலேயே ஹேசல் குச்சி வந்துவிடுகிறது. நால்வர் தனிமடலில் ‘மரபுத்தீ’க்குக் கை தூக்கிவிட்டார்கள், அதையே போடுகிறேன். டீச்சர் சொன்ன தரகு பெங்கி பெட்டிச்செய்தியாக வரும், அங்கே மட்டும் ‘சருகு நெருப்பு’ என்று விளக்கம். இனி ‘ஸ்டூவர்ட்ஷிப்’ பாக்கி. ‘நிலப்பேணல்’ என்று எழுதியிருக்கிறேன்.

செந்தமிழ்ச் செல்வம்:
பேணல் தாய் பிள்ளைக்குச் செய்வது. ‘தாளாண்மை’ இருக்க அது எதற்கு? “தாளாண்மை என்னும் தகைமைக்கண்” குறள் 613 பார்க்க.

தாளவாடி டீச்சர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டும். சருகெரிப்பை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்.